எலி வைரஸ்களும் ஒரு நோபல் பரிசும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஃபிரான்சுவாஸ் பாரே-சினூஸி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் உயிரியல் நடத்துபவன் நான். அவரைக் கொஞ்சம் அதிகமாகவே தூக்கி வைத்துவிட்டீர்கள் என்று தோன்றியது. பத்தாண்டு எலி வைரஸ்களோடு இருந்தவரிடம் ஒருநாள் ஒரு நோயாளியின் நிணநீர்க்கணு வந்து சேர்ந்தது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. வேறு ஆய்வகத்துக்குப் போயிருந்தால் நோபல் பரிசும் அங்கே போயிருக்கும். பிறகு முப்பது ஆண்டு ஆராய்ந்தும் தடுப்பூசி வரவில்லை. கூடவே உழைத்த ழான்-குளோட் ஷெர்மானுக்குப் பரிசும் இல்லை. இது அதிர்ஷ்டம் அல்லாமல் வேறென்ன?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

அந்தக் கணு தானாக வந்து சேரவில்லை. 1982இன் இறுதியில் பாரிஸ் மருத்துவர் வில்லி ரோசன்பாமும் அவரோடு இருந்தவர்களும், ரெட்ரோவைரஸ் (தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றிப் பெருகும் வைரஸ் வகை) தெரிந்தவர்களைத் தேடிக்கொண்டு, பாரே-சினூஸி வேலை பார்த்த பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்தார்கள். எந்த நோயாளியிடம் தேடுவது என்பதை முதலில் பேசி முடிவு செய்தார்கள். எய்ட்ஸ் முற்றியவர் உடம்பில், நோயெதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான சிடி4 செல்கள் பெரும்பாலும் அழிந்திருக்கும். அழிப்பது வைரஸ்தான் என்றால், செல்லே இல்லாத இடத்தில் அது எப்படி அகப்படும்? ஆகவே நோய் முற்றாத, கழுத்தில் நெறி கட்டியிருந்த ஒருவரிடமிருந்து 1983 ஜனவரியில் கணுவை எடுத்தார்கள்.

செல்களை வளர்த்து, சில நாட்களுக்கு ஒருமுறை அந்த வளர்ப்பு நீரில் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இருக்கிறதா என்று பார்த்தார் பாரே-சினூஸி. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் நொதி அது. 1970இல் அமெரிக்க விஞ்ஞானிகள் டெமினும் பால்டிமோரும் தனித்தனியே கண்டறிந்தது. கதிரியக்கம் ஏற்றிய மூலக்கூறுகளைக் கொடுத்தால், புதிதாக உருவாகும் டி.என்.ஏ.வில் அவை எவ்வளவு சேர்ந்திருக்கின்றன என்று எண்ணிவிடலாம். என்ன வைரஸ் என்றே தெரியாதபோதும் ரெட்ரோவைரஸின் நடமாட்டத்தைப் பிடிக்கும் சோதனை இது. நீங்கள் ஒதுக்கித் தள்ளும் அந்த எலி வைரஸ்களில்தான் அவர் கை இதற்குப் பழகியது.

இரண்டு வாரம் கழித்து அளவு ஏறியது. அடுத்தடுத்த அளவீடுகளில் இறங்கியது. பார்த்தால், செல்கள் செத்துக்கொண்டிருந்தன.

இந்த இடத்தில் தயவுசெய்து நிதானித்துப் பாருங்கள். அவர் அதுவரை பழகிய எலி வைரஸ்கள் இரத்தப் புற்றுநோயை உண்டாக்குபவை. அமெரிக்காவில் ராபர்ட் கேலோ கண்டுபிடித்திருந்த மனித ரெட்ரோவைரஸும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களைப் பெருகவைப்பது. அந்த வழக்கத்திலேயே ஊறியவர், செத்த செல்களைப் பார்த்ததும் வளர்ப்பு கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கக்கூடும். இவர்களோ வைரஸே செல்லைக் கொல்கிறதோ என்று கேட்டார்கள். இரத்த தானம் செய்த ஒருவரின் வெள்ளணுக்களை வாங்கி வந்து வளர்ப்பில் சேர்த்தார்கள். நொதியின் அளவு மறுபடி ஏறியது; புதிய செல்களும் சாகத் தொடங்கின. வைரஸ் இருக்கிறது, அது கொல்லவும் செய்கிறது என்பது ஒருசேரத் தெரிந்தது. பிப்ரவரியில் ஷார்ல் டோகே அதை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார். மே 20 அன்று ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. அதிர்ஷ்டம் இருந்ததென்றே வைத்துக்கொள்வோம். அது கணு கைக்கு வந்ததோடு தீர்ந்துவிட்டது.

வைரஸை வளர்க்க முடிந்ததால்தான் 1985இல் இரத்தப் பரிசோதனை புழக்கத்துக்கு வந்தது. அந்தப் பரிசோதனை இருந்ததால்தான் 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தது.

தடுப்பூசி இன்னும் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த முப்பது ஆண்டுகள் வீண் என்பதை ஏற்கமாட்டேன். குரங்குகளில் காணப்படும் எஸ்.ஐ.வி., எச்.ஐ.வி.க்குப் பங்காளி. ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் இரத்தத்தில் அது ஏராளமாக இருந்தாலும் குரங்கு நோயில் விழுவதில்லை. ஆசிய மக்காக் குரங்குக்கு அதே வகை வைரஸ் எய்ட்ஸை உண்டாக்குகிறது. பாரே-சினூஸியின் பிரிவில் இந்த வேறுபாட்டைத்தான் துருவினார்கள். பச்சைக் குரங்கின் நோயெதிர்ப்பு சீறி எழுந்து சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. மக்காக்கில் அடங்குவதே இல்லை. உடலைச் சிதைப்பதில் இந்த ஓயாத அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மாத்திரையால் வைரஸ் அடங்கிய பிறகும் மாரடைப்பு போன்றவை ஏன் கூடுதலாக வருகின்றன என்ற ஆராய்ச்சி இந்த வழியில்தான் நடக்கிறது. பாடமாக நடத்த இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியவில்லை.

அவர் பலமுறை சொல்லியிருக்கும் நிகழ்ச்சி ஒன்று. எண்பதுகளில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனையில், சாகும் தறுவாயில் இருந்த ஒருவர் அவரைப் பார்க்க விரும்பினார். குரல் எழவில்லை. உதட்டசைவிலிருந்து ‘நன்றி’ என்று புரிந்துகொண்டார் பாரே-சினூஸி. எதற்கு என்று கேட்டார். எனக்காக அல்ல, மற்றவர்களுக்காக என்றார் அந்த மனிதர்; மறுநாள் இறந்தார். வேலை ஏன் நிற்கக்கூடாது என்பதற்கு அவர் சொல்லும் காரணம் இது.

ஷெர்மான் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம். 2008ஆம் ஆண்டுப் பரிசில் பாதி, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் பாப்பிலோமா வைரஸ் ஆய்வுக்காக ஹரால்டு சூர் ஹவுசனுக்குப் போனது; மீதியை, பாஸ்டரில் அந்த ஆய்வகத்தின் தலைவராக இருந்த லூக் மோன்டாக்னியேவும் பாரே-சினூஸியும் பகிர்ந்துகொண்டார்கள். மூன்று பேருக்கு மேல் கொடுப்பதில்லை என்பது நோபல் விதி. எச்.ஐ.வி.க்குத் தனியாக ஓர் ஆண்டை ஒதுக்கியிருந்தால் ஷெர்மானுக்கு இடம் இருந்திருக்கும். அந்த ஆய்வில் நேரடியாக ஈடுபட்டவரை விட்டது அநீதி.