ஹெட்டர் ஃபைல் காணோம்னு எரர் வருதா, கேளுங்க

ஞாயித்துக்கெழம சாப்பாடு முடிஞ்சு காரைக்குடி வீட்டு முகப்புல உக்காந்திருக்கேன், கரண்ட் இருக்கு. சி, சி பிளஸ் பிளஸ் லைப்ரரி கம்பைல் பண்றப்ப, அதான் எழுதுன கோட மெஷின் ஓட்டற மாதிரி மாத்தறப்ப, வர்ற ஹெட்டர் எரர் மட்டும் கேளுங்க. ஹெட்டர்னா லைப்ரரில என்னென்ன இருக்குன்னு கம்பைலருக்குச் சொல்ற டாட் ஹெச் ஃபைல். கேக்கறவங்க பேருக்குப் பதிலா ஊரு பேரு போட்டிருக்கேன்.

தேவகோட்டை: அண்ணே, உபுண்டு லினக்ஸ்ல ஓபன்எஸ்எஸ்எல்ங்கற என்கிரிப்ஷன் லைப்ரரி இருக்கு, வெர்ஷன்கூட காட்டுது. ஆனா கம்பைல் பண்ண மேக் கமாண்ட் அடிச்சா எஸ்எஸ்எல் டாட் ஹெச் இல்லங்குது?

பதில்: தம்பி, உன்கிட்ட இருக்கறது ஓட்டறதுக்கு வேண்டியது மட்டும்தான், ஹெட்டரெல்லாம் தனி பேக்கேஜ்ல வரும். உபுண்டு, டெபியன்னா பேருக்குப் பின்னாடி டெவ்னு இருக்கும், ஃபெடோரான்னா டெவெல். உனக்கு லிப்எஸ்எஸ்எல்-டெவ். இந்தப் பேருங்கதான் தொல்லையே, இசட்லிப் டாட் ஹெச் வேணும்னா இசட்லிப்1ஜி-டெவ் போடணுமாம், யாரு கண்டா! அதுக்குத்தான் ஆப்ட்-ஃபைல்னு ஒண்ணு இருக்கு, அத இன்ஸ்டால் பண்ணி ஒரு தடவ அப்டேட் குடுத்துட்டு, ஹெட்டர் பேரப் போட்டு செர்ச் பண்ணா எந்த பேக்கேஜ்னு சொல்லிரும்.

காரைக்குடி: ஒரே எரர் ஏழெட்டுத் தடவ வருதுண்ணா, பயமா இருக்கு.

பதில்: மேக்ல மைனஸ் ஜே 8 போட்டிருப்பீங்கம்மா, எட்டு ஃபைல் ஒண்ணா ஓடி எட்டும் ஒரே எடத்துல முட்டுது. மைனஸ் ஜே 1 போட்டு ஓட்டுங்க, மொதல் வரிய மட்டும் படிங்க.

பள்ளத்தூர்: தம்பி, நான் ரிட்டையர் ஆனப்புறம் கத்துக்கிட்டு இருக்கேன். ஃப்ரீடைப்ங்கற ஃபான்ட் லைப்ரரியோட டெவ் போட்டாச்சு, எஃப்டி2பில்ட் டாட் ஹெச் டிஸ்க்ல இருக்கறதக் கண்ணால பாத்துட்டேன், அப்பவும் காணோங்குதே?

பதில்: ஐயா, நம்ம ஊரு வீடு முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு பின் தெரு வரைக்கும் போகுதுல்ல, கம்பைலர் முகப்புல நின்னு எட்டிப் பாத்துட்டு ஆள் இல்லன்னு திரும்பிப் போற ஆளு. அவன் பாக்கறது யுஎஸ்ஆர் இன்க்ளூட்ங்கற ஃபோல்டர், உங்க ஃபைல் அதுக்குள்ள ஃப்ரீடைப்2ங்கற ஃபோல்டர்ல கெடக்கு. லைப்ரரி எங்க இருக்குன்னு சொல்ற பிகேஜி-கான்ஃபிக் கமாண்ட்ல மைனஸ் மைனஸ் சிஃப்ளாக்ஸ் போட்டு ஃப்ரீடைப்2ன்னு கேளுங்க, மைனஸ் போட்டுப் பெரிய ஐ எழுத்தோட அந்த வழியக் குடுக்கும், அத ஜிசிசி, அதான் கம்பைலர், கமாண்டோட சேத்துருங்க. எங்கெங்க தேடுறான்னு பாக்கணும்னா ஜிசிசில மைனஸ் வி போட்டா வரிசையாச் சொல்லும்.

தயவுசெஞ்சு ஃபைல வெளிய காப்பி மட்டும் பண்ணிராதீங்க. நான் ஒரு தடவ யுஎஸ்ஆர் லோக்கல் இன்க்ளூட் ஃபோல்டர்ல ஒரு ஹெட்டரக் கையால போட்டு வச்சேன், கொஞ்ச மாசம் கழிச்சு பேக்கேஜ் அப்கிரேட் ஆச்சு, ஜிசிசி லோக்கலத்தான் மொதல்ல பாக்கும், அதனால பழைய ஹெட்டர், புது லைப்ரரி, கம்பைல் ஆகுது ஆனா ஓட்டினா செக்மென்டேஷன் ஃபால்ட்னு பாதில நின்னுருது, ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

கானாடுகாத்தான்: விண்டோஸ்ல கம்பைல் ஆகுது, லினக்ஸ்ல மட்டும் யூட்டில்ஸ் டாட் ஹெச் இல்லையாம்?

பதில்: பெரிய யூவா சின்ன யூவான்னு பாரு. விண்டோஸ் கண்டுக்காது, லினக்ஸ் விடாது.

புதுவயல்: கான்ஃபிக் டாட் ஹெச்சுக்கு எந்த டெவ் பேக்கேஜ்ணே?

பதில்: எதுவும் கெடையாது. கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓட்டினாத்தான் அது உருவாகும், அந்த ஸ்கிரிப்டே இல்லன்னா ஆட்டோரீகான்ஃப் மைனஸ் ஐ, இது சின்ன ஐ. கிட்ங்கற கோட் சேமிக்கற டூல்ல எடுத்த லைப்ரரியா, உள்ள ஃபோல்டர் காலியா கெடந்தா சப்மாட்யூல், அதான் உள்ள சேத்து வச்ச வேற புராஜெக்ட், இறக்கலன்னு அர்த்தம்.

தேவகோட்டை: டெவ் போட்டேண்ணே, ஹெட்டர் எரர் போயிருச்சு! இப்ப அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்னு வருது.

பதில்: ஹெட்டர் கெடச்சிருச்சு, இப்ப கத்துறது லிங்கர், கம்பைல் ஆனதையும் லைப்ரரியையும் இணைக்கறவன். மைனஸ் போட்டு சின்ன எல், கூடவே எஸ்எஸ்எல், அப்படியே கிரிப்டோவுக்கும் ஒண்ணு, ரெண்டையும் உன் சி ஃபைல் பேருக்கு அப்புறமாப் போடு, முன்னாடி போட்டா பல நேரம் கண்டுக்காது.