ஏற்றத்தில் இழுக்காத கார்: என்ஜினை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: பாவித்த கார் ஒன்றை வாங்கி ஓடுகிறேன், மூன்று சிலிண்டர், பெற்றோல். சில மாதங்களாக இழுவை குறைந்துவிட்டது. பதுளை வீதியில் பிபிலை வரை ஒருவாறு போகிறது. லுணுகலை ஏற்றத்தில் இரண்டாம் கியரிலும் திணறுகிறது. நிறுத்தி வைத்திருக்கும்போது என்ஜின் நடுங்குகிறது. இரண்டாம் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று ஸ்கேனர் காட்டியதால், கராஜில் பிளக், கொயில், பெற்றோல் பம்ப் மூன்றையும் மாற்றினார்கள். குறை தீரவில்லை. இப்போது வேறு என்ஜின் போடச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- வாசகர், செங்கலடி

பதில்: என்ஜினுக்கு முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்பதை ஸ்கேனர் சொல்லும். ஏன் எரியவில்லை என்பதைச் சொல்லாது. தீப்பொறியும் பெற்றோலும் சரியாக வந்தாலும், உள்ளே அமுக்கம் நிற்காவிட்டால் அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. அந்த அமுக்கத்தை இதுவரை எவரும் அளக்கவில்லை என்பதே எனக்குக் கவலை தருகிறது. மூன்று சிலிண்டர்களுக்கும் பொதுவான பம்பை, ஒரு சிலிண்டரின் குறைக்காக மாற்றியதில் நியாயம் இல்லை.

முதலில் இரண்டாம் சிலிண்டருக்குப் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை மூன்றாவதில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறையும் கூடவே மூன்றாவதுக்குப் போனால் இன்ஜெக்டர்தான் காரணம். போகாவிட்டால் கம்பிரஷன், அதாவது நான் சொன்ன அந்த அமுக்கத்தைப் பார்க்க வேண்டும். என்ஜின் சூடாக இருக்கையில் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றி, பெற்றோலையும் தீப்பொறியையும் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுதாக அமுக்கியபடி, பிளக் துவாரத்தில் பொருத்திய அமுக்கமானியின் முள் மேலே ஏறாமல் நிற்கும்வரை ஸ்டார்ட்டரைச் சுழற்றி அளப்பார்கள். நீங்களும் அருகில் நின்று மூன்று அளவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்ற இரண்டும் 170 பிஎஸ்ஐ அளவில் இருக்க, இரண்டாவது 100 என்று நின்றால் கோளாறு உள்ளேதான்.

அதன்பின் அந்தப் பிளக் துவாரத்தில் ஒரு தேக்கரண்டி என்ஜின் ஓயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். முள் நன்றாக உயர்ந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் அல்லது சிலிண்டர் சுவர் தேய்ந்திருக்கிறது. உயராவிட்டால் வால்வு, அல்லது என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஹெட் கேஸ்கட் கசிகிறது. இதை உறுதிப்படுத்த, வால்வுகள் மூடிய நிலையில் சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் காது கொடுத்துக் கேட்கலாம்: சைலன்சரில் சீறினால் எக்சோஸ்ட் வால்வு, எயார் பில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு, ஓயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டர் நீரில் குமிழி வந்தால் கேஸ்கட். ரேடியேட்டர் மூடியை என்ஜின் நன்றாக ஆறிய பிறகே திறக்க வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்றால், வால்வோ கேஸ்கட்டோ கெட்டிருந்தால் பெரும்பாலும் ஹெட்டை மட்டும் கழற்றித் திருத்திவிடலாம். முழு என்ஜின் வாங்கத் தேவையில்லை. சில என்ஜின்களில் வால்வு இடைவெளியை இடைக்கிடை சரிசெய்யாமல் விட்டாலே எக்சோஸ்ட் வால்வு கருகிவிடும். அமுக்கம் மூன்றிலும் ஒரே மாதிரிக் குறைந்திருந்தால் மட்டும் வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை ஒழுங்காக வைத்திருக்கும் டைமிங் செயினைச் சந்தேகியுங்கள்.

என்ஜினை மாற்றியே ஆகவேண்டும் என்று அளவுகள் காட்டினால், புதிய என்ஜின் இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள். ஏற்கெனவே மாற்றிய பாகங்களுக்குப் பற்றுச்சீட்டும் பழைய பாகங்களும் கேளுங்கள். தர மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையை அழைக்கலாம். ஆனால் 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, முறைப்பாட்டைச் சேவை பெற்ற மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும்.