கோத்தகிரி நண்பருக்கு: வேலையை விடும் முன்

தேயிலை எஸ்டேட்டில் மேற்பார்வையாளர் ஆனதிலிருந்து, மேலிடம் சொன்னபடி பறித்த இலை ஈரம் என்று தொழிலாளர்களின் எடையில் நியாயத்துக்கு மேல் கிலோ கழிக்கிறேன், வாழ்க்கையே அர்த்தமில்லாமல் தெரிகிறது, எல்லாவற்றையும் விட்டுக் கோவைக்குப் போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனையில், அதிகாரி சொன்னார் என்பதற்காகவே 40 பேரில் 26 பேர் அடுத்தவருக்கு 450 வோல்ட் வரை ஷாக் கொடுத்தார்கள். (ஷாக் போலி, அது அவர்களுக்குத் தெரியாது.) பலர் வியர்த்து நடுங்கியபடியேதான் கொடுத்தார்கள், உங்களைப் போல. ஆனால் இன்னொரு சுற்றில், கூட இருந்த இருவர் முடியாது என்று மறுத்ததும் 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது இந்த இரண்டாவது கணக்குதான்.

அதனால் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். இதே உறுத்தலோடு இன்னொரு மேற்பார்வையாளர் இருப்பார்; அவரிடம் பேசுங்கள். அப்புறம் இருவருமாக மேனேஜரிடம் போங்கள். அதுவரை தராசு இலை பறிக்கிற அக்காக்களுக்கும் தெரியும்படி இருக்கட்டும், கழிக்கும் கிலோவை அவர்கள் எதிரிலேயே நோட்டில் எழுதுங்கள். கோவை பற்றி அதன்பிறகு யோசிக்கலாம். வீட்டுச் செலவுக்குச் சில மாதப் பணம் கையில் இருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.