கூடப்பிறந்த பிள்ளைகளுக்கு ஒரே கராத்தே கிளாஸ்: பெற்றோர் கேள்விகளுக்குப் பதில்

ஈரோட்டுப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கு ஷோட்டோகான் கராத்தே சொல்லித் தருகிறேன். அண்ணன் தங்கச்சியை, அக்கா தம்பியை ஒன்றாகச் சேர்த்துவிடுவது பற்றித்தான் இந்த முறை நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள்.

மாஸ்டர், பையனுக்கு 9 வயசு, பாப்பாவுக்கு 5. ஒரே கிளாஸ்ல சேர்க்கலாமுங்களா? (பெருந்துறை, ஓர் அம்மா)

தாராளமாகச் சேர்க்கலாமுங்க. இச்சி, நி, சான் என்று நான் எண்ணும்போது இருவரும் சேர்ந்துதான் குத்துவார்கள். ஆனால் நான் பார்ப்பது ஆளுக்கு ஆள் வேறு. பையனிடம், ஒரு கை குத்தும்போது மற்றக் கை இடுப்புக்கு இழுபட்டு வருகிறதா, முன்கால் மடங்கியிருக்கிறதா, பின்கால் குதிகால் தரையை விட்டுத் தூக்குகிறதா என்று பார்ப்பேன். பாப்பா இடதும் வலதும் குழம்பாமல் கால் மாற்றி வைத்தாலே போதும். ஒரே பயிற்சியில் அது ரொம்ப நேரம் நிற்காது. கவனம் சிதறினால் கொஞ்ச நேரம் கோடு தாண்டிக் குதிக்க விடுவேன், பையன் தன் பாட்டுக்குத் தொடருவான். பாப்பாவுக்கு அரை மணி போதும். மீதி நேரம் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும்.

வீட்டில் பழகுவதற்குப் பவானி ஜமுக்காளம் விரித்துக் கொடுத்திருக்கிறேன். சரிதானே? (பல்லடம், ஓர் அப்பா)

அதை எடுத்துவிடுங்க. டைல்ஸ் மேல் விரித்த ஜமுக்காளம், பிள்ளை காலை ஊன்றித் திரும்பும்போது காலோடு சேர்ந்து வழுக்கும். வெறுந்தரையில் வெறுங்கால்தான் நல்லது. மொட்டை மாடி என்றால் சித்திரை மாதத்தில் பொழுது சாய்ந்த பிறகு போகட்டும். இருவரும் ஒரே திசையைப் பார்த்து, கை நீட்டினாலும் கால் வீசினாலும் படாத தூரத்தில் நிற்க வேண்டும்.

சின்னவள் கட்டாவைச் சட்டென்று பிடித்துக்கொண்டாள். பெரியவன் முகம் வாடிப்போய் "இனி வரமாட்டேன்" என்கிறான். (கோபி, ஓர் அம்மா)

எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கட்டா என்பது வரிசை மாறாமல் தனியாகச் செய்துகாட்டும் அசைவுத் தொடர். சின்னதுகள் கண்ணால் பார்த்ததை அப்படியே செய்துவிடும். பெரியவன் அடுத்தது என்ன என்று யோசிப்பான், யோசிக்கிற இடத்தில் கால் தடுமாறும்.

அவர்கள் பழகும் தாய்க்கியோக்கு ஷோடான் கட்டாவில் 20 அசைவுகள் இருந்தாலும், கீழே தட்டிவிடும் பிளாக், ஓரடி முன்வைத்துக் குத்தும் பஞ்ச் என்று இரண்டே நுட்பங்கள்தான். கஷ்டமெல்லாம் திரும்புவதில் இருக்கிறது. நடுக்கோட்டில் மூன்றாவது பஞ்ச்சைச் சத்தம் போட்டுக் குத்தி முடித்ததும், இடது காலைப் பின்னால் வீசி முக்கால் வட்டம் சுற்ற வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் திசை மாறி நிற்பார்கள். உங்கள் பையனுக்கு ஒரு வாரம் அந்தத் திருப்பம் மட்டும் தருவேன். கால் வந்து விழ வேண்டிய இடத்தில் சாக்பீஸால் ஒரு குறி போட்டு, முதலில் தலை, அப்புறம் கால், கடைசியாக இடுப்பும் கையும் என்று மெதுவாகச் செய்யச் சொல்வேன். அது பிடிபட்டால் கட்டா தானாக வந்துவிடும்.

வீட்டில் ஒன்றே ஒன்று செய்யுங்க. "பாரு, தங்கச்சி எப்படிச் செய்யறா" என்று யாரும் சொல்லக் கூடாது. அப்புச்சியும் அமுச்சியும் ஆசையாகச் சொல்வதுதான், ஆனால் எத்தனையோ பையன்கள் கிளாஸை விட்டு நின்றதற்கு அந்தப் பேச்சுதான் காரணம். செய்துகாட்டச் சொன்னால் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்க. ஒருவர் செய்யும்போது மற்றவர் எண்ணட்டும். பெரியவனைத் தங்கச்சிக்கு வாத்தியாராகவும் ஆக்க வேண்டாம். திருத்துவது என் வேலை.

இப்பவே ரெண்டும் அடிச்சுக்குதுங்க. கராத்தே வேற கத்துக்கிட்டா என்னாகும்? (பொள்ளாச்சி, பேரன்களை வளர்க்கும் ஓர் அமுச்சி)

நீங்கள் பயப்படுவது நியாயம்தானுங்க அம்மா. அதனால்தான் ஜோடிப் பயிற்சியை நான் நிறுத்துவதிலிருந்து தொடங்குகிறேன். ஒருவன் உள்ளங்கையை விரித்துக் காட்டுவான். மற்றவன் வேகமாகக் குத்தி, அந்தக் கைக்கு ஒரு விரற்கடை முன்னால் நிறுத்த வேண்டும். பட்டுவிட்டால் குத்தியவன் தோற்றான். ஓங்கிக் குத்துகிறவனுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. "யாமே" என்றால் நிறுத்து. அந்தச் சொல் கேட்டதும் தூக்கின கை அந்தரத்திலேயே நிற்க வேண்டும். வீட்டில் சண்டை முற்றும்போது நீங்களும் "யாமே" சொல்லிப் பாருங்க.

கூடப்பிறந்தவர்களைக் குமிட்டேக்கு, அதாவது எதிரெதிரே நின்று மோதும் பயிற்சிக்கு, ஒருவருக்கொருவர் எதிராக நான் விடுவதில்லை. வீட்டுக் கணக்கை அங்கே தீர்த்துக்கொள்ளப் பார்ப்பார்கள். வீட்டில் தம்பி மேல் கராத்தே அடி விழுந்தால் எனக்குச் சொல்லிவிடுங்க. அடித்தவன் அடுத்த கிளாஸில் ஜோடிப் பயிற்சிக்கு வராமல் உட்கார்ந்து பார்ப்பான். அதற்கு மேல் திட்டத் தேவையில்லை.

கை உறுதியாக மணல் மூட்டையில் குத்தவிடலாமா? (காங்கேயம்)

வேண்டவே வேண்டாம். வளர்கிற எலும்பின் நுனிப்பகுதி இன்னும் முழுசாகக் கெட்டிப்பட்டிருக்காது. விரல் முட்டியை ஊன்றித் தண்டால் எடுப்பதும் இந்த வயதில் கூடாது, உள்ளங்கை ஊன்றினால் போதும். காற்றில் குத்தும்போதும் முழங்கையை வெடுக்கென்று கடைசிவரை உதறவிடாதீர்கள்.

நம்மூர்ச் சிலம்பம் இருக்க இது எதுக்குங்க? (சென்னிமலை)

பக்கத்தில் நல்ல சிலம்ப ஆசான் இருந்தால் அங்கேயே சேர்த்துவிடுங்க, எனக்குச் சந்தோஷம்தான். கராத்தேயில் சின்னப் பிள்ளைகளுக்கு என்றே படிப்படியான பாடம் இருக்கிறது. 1900களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஒகினாவா தீவுப் பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்து அங்கோ இட்டோசு என்ற கராத்தே ஆசான் 5 பினான் கட்டாக்களை அமைத்தார். ஷோட்டோகானில் அவற்றை ஹேயான் என்கிறோம். தாய்க்கியோக்கு முடித்த பிள்ளைகளுக்கு அடுத்து அதுதான்.

இருவருக்கும் ஒரே நாளில் மஞ்சள் பெல்ட் கொடுத்துவிடுங்களேன். பெரியவன் டிரெஸ்ஸையே சின்னவளுக்குப் போடலாமா? (உடுமலை)

பெல்ட்டை அப்படிக் கொடுக்க முடியாதுங்க. யார் தயாரோ அவர்தான் டெஸ்ட்டுக்கு நிற்பார். முன்னால் வாங்கியவருக்கு வீட்டில் பெரிய விருந்தெல்லாம் வைக்காதீர்கள், மற்றது வெம்பிப்போகும். டிரெஸ் தாராளமாகப் போடலாம். பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே வரும்படி மடித்துத் தைத்துவிடுங்க, இல்லாவிட்டால் உதைக்கும்போது காலைத் தடுக்கும். பெல்ட் மட்டும் அவளுக்கென்று புதுசாக, வெள்ளையாக வாங்குங்க.