கலிஃபோர்னியாவுக்கும் சேர்த்துத்தான்

அன்புள்ள ஐயா,

டெக்சஸில் வசிக்கிறேன். குடியுரிமை வாங்கியபின் சென்ற தேர்தலில்தான் முதன்முறையாக வாக்களித்தேன். ஃபெடரல் அரசு அளவோடு இருக்கவேண்டும், மாநிலங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நீங்கள் விடாமல் எழுதி வருகிறீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. எங்கள் கவர்னர் அபட், ஒபாமா காலத்தில் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்தபோது வாஷிங்டன்மேல் வழக்குக்குமேல் வழக்குப் போட்டவர். அவரே 2025 அக்டோபரில், இல்லினாய் கவர்னர் வேண்டாம் என்று சொல்லியும், டெக்சஸின் நேஷனல் கார்டு (மாநிலத்தின் பகுதிநேரப் படை) வீரர்களை அங்கே அனுப்ப ஒப்புக்கொண்டார். அந்தப் பக்கம் டெமாக்ரடிக் கவர்னர்கள் திடீரென்று மாநிலங்களின் அதிகாரத்தைச் சொல்லும் அரசியலமைப்பின் 10ஆம் திருத்தத்தை எடுத்துப் பேசுகிறார்கள். தோற்ற கட்சியின் ஆயுதம் என்பதைத் தவிர மாநில உரிமையில் வேறென்ன இருக்கிறது? அடிமை முறையைக் காப்பாற்றியதும் இதே வாதம்தானே?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அபட் செய்தது தவறு. அவர் ரிபப்ளிகன் என்பதற்காகச் சுற்றி வளைத்துப் பேசமாட்டேன். ஒரு மாநிலத்தின் வீரர்கள் இன்னொரு மாநிலத்துக்குள், அந்த மாநில கவர்னரின் விருப்பத்தை மீறிப் போவதற்கு ஒத்துக்கொண்டவர், ஒபாமா காலத்தில் தான் போட்ட வழக்குகளின் அடிப்படையையே கைவிட்டார். நீங்கள் கோபப்படுவது நியாயம். ஆனால் அந்தக் கோபம் கொள்கைமேல் திரும்புவதுதான் எனக்கு வருத்தம்.

நான் ஏன் இந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை ஒரு ஒஹாயோ விவசாயியை வைத்துச் சொல்கிறேன். ராஸ்கோ ஃபில்பர்ன் என்று பெயர். மாடு, கோழி வளர்த்துப் பாலும் முட்டையும் விற்றுவந்தவர். கோதுமை விலை சரியாமலிருக்க, யார் எத்தனை ஏக்கரில் விதைக்கலாம் என்று ஃபெடரல் அரசு அப்போது அளந்து கொடுத்தது. 1941 அறுவடைக்கு அவருக்கு அனுமதித்தது 11.1 ஏக்கர், அவர் விதைத்தது 23 ஏக்கர். கூடுதலாக விளைந்த 239 புஷல்களுக்கு, புஷலுக்கு 49 சென்ட் வீதம் 117 டாலர் 11 சென்ட் அபராதம். அதிகப்படி கோதுமை என் மாட்டுக்கும் கோழிக்கும், வீட்டு மாவுக்கும், அடுத்த விதைப்புக்கும்தான் என்றார் அவர். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம்தானே வாஷிங்டனுக்கு இருக்கிறது, என் கொல்லைக்குள் அதற்கு என்ன வேலை என்று கேட்டார். 1942இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. வீட்டுக் கோதுமை இருப்பவன் சந்தையில் வாங்கமாட்டான், அவனைப்போல எல்லாரும் செய்தால் தேசச் சந்தை பாதிக்கும், ஆகவே இதுவும் மாநிலங்களுக்கு இடையிலான வணிகமே என்பது அதன் தர்க்கம்.

இந்தத் தர்க்கத்துக்கு எங்கே எல்லை? நான் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டால் ஹோட்டல் தொழில் பாதிக்கத்தானே செய்யும்? அரசியலமைப்பு எண்ணி எண்ணிக் கொடுத்த அதிகாரங்களில் ஒன்றை இழுத்து, எல்லாவற்றுக்குமான அதிகாரமாக்கிய தீர்ப்பு அது. அது இன்றும் செல்லும்.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இந்தியாவில் எந்தப் பட்டியலிலும் சேராத அதிகாரம் டெல்லிக்குப் போகிறது. அமெரிக்காவில் 1791இலேயே 10ஆம் திருத்தம் அதை நேர்மாறாக வைத்தது: மத்திக்கு எழுதிக் கொடுக்காததும், மாநிலங்களுக்கு மறுக்கப்படாததும் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. ராஜமன்னார் குழுவின் காலத்திலிருந்து மாநில சுயாட்சி பேசிவரும் நம்மவர்கள், அமெரிக்காவுக்கு வந்ததும் எல்லாவற்றையும் வாஷிங்டனே முடிவு செய்யட்டும் என்று பேசுவது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

சரி, உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். தோற்றவன் மட்டும்தான் இதைப் பேசுகிறானா? பெரும்பாலும் ஆமாம். ஆனால் ஜெயித்தபோதும் பேசியவர்கள் இருக்கிறார்கள். மருத்துவத்துக்காக வீட்டில் கஞ்சா வளர்ப்பதை கலிஃபோர்னியா வாக்காளர்கள் அனுமதித்திருந்தார்கள். ஃபெடரல் சட்டம் தடுத்தது. வழக்கு 2005இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. ஃபில்பர்னின் கோதுமையைக் காட்டியே ஆறு நீதிபதிகள் வாஷிங்டன் பக்கம் போனார்கள், கன்சர்வேடிவ்கள் கொண்டாடும் ஸ்கலியா உட்பட. மறுத்த மூவர் ரென்க்விஸ்ட், ஓகானர், தாமஸ். தான் கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் அந்தச் சட்டத்துக்கு வாக்களித்திருக்கமாட்டேன் என்று ஓகானர் தன் மறுப்பிலேயே எழுதினார். இருந்தாலும் முடிவெடுப்பது கலிஃபோர்னியாவின் உரிமை என்றார். எனக்குக் கஞ்சா பிடிக்காது. அந்த வழக்கில் நான் ஓகானர் பக்கம்.

அதே ஸ்கலியா 1997இல் எழுதிய தீர்ப்பு ஒன்று உண்டு. துப்பாக்கி வாங்குகிறவரின் பின்னணியைச் சோதிக்கும் வேலையை உள்ளூர் ஷெரிஃப்களின் தலையில் ஃபெடரல் சட்டம் கட்டியது. மான்டானா ஷெரிஃப் ஒருவர் வழக்குப் போட்டார். மாநில அதிகாரிகளைத் தன் வேலைக்காரர்களாக்கிக்கொள்ள வாஷிங்டனுக்கு உரிமையில்லை என்று 5-4இல் தீர்ப்பானது. துப்பாக்கி உரிமைக்காரர்கள் மகிழ்ந்தார்கள். பின்னாளில் ஃபெடரல் குடிவரவு அதிகாரிகளோடு ஒத்துழைக்க மறுத்த சிகாகோ போன்ற நகரங்கள் அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டுதான் நின்றன. என் ரிபப்ளிகன் நண்பர்களுக்கு இதில் கடுங்கோபம். எனக்குக் கோபமில்லை. அந்த நகரங்களின் கொள்கையை நான் எதிர்க்கிறேன். ஆனால் மான்டானாவுக்குச் சரியான சட்டம் சிகாகோவுக்கும் சரிதான்.

அப்புறம், சட்டத்தைவிடப் பெரிய கயிறு பணம். குடிக்கும் வயது என்ன என்பது மாநிலங்களின் விஷயம். 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைப் பணத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில் 1984இல் கையெழுத்திட்டவர் ரீகன், சிறிய அரசு என்று பேசியே ஜெயித்த ரீகன். 19 வயதுக்காரர்களுக்கு லேசான பீரை அனுமதித்திருந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987இல் 7-2இல் தோற்றது. குடிபோதையில் ஓட்டிச் செத்த பிள்ளைகளை எண்ணும்போது சட்டத்தின் நோக்கத்தை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் தெற்கு டகோட்டா மக்களும் பெட்ரோல் போடும்போது கட்டிய வரிதான். அதை வாங்கிக்கொண்டு, நான் சொன்னபடி கேட்டால்தான் திருப்பித் தருவேன் என்பது கூட்டாட்சி இல்லை.

எங்கள் ஒஹாயோவில் பள்ளிக்குச் சொத்துவரியைக் கூட்டவேண்டும் என்றால் பெரும்பாலும் ஊரிடம் வாக்குக் கேட்கவேண்டும். எங்கள் ஊரில் இதற்காகப் பள்ளி கேன்டீனில் கூட்டம் போட்டார்கள். கணக்கைக் கவனிக்கும் அம்மா முன்னால் நின்று, பஸ் டிரைவர் சம்பளம் எவ்வளவு, கூரை மாற்ற எவ்வளவு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். வேண்டும் என்கிறவரும் வேண்டாம் என்கிறவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். வாஷிங்டன் எடுக்கும் எந்த முடிவிலும் இப்படி எதிரே நின்று கேள்வி கேட்க எனக்கு வழியில்லை.

அடிமை முறை பற்றிக் கேட்டீர்கள். 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம் ஃபெடரல் சட்டம். வடக்கு மாநிலங்களுக்குள் புகுந்து மனிதர்களைப் பிடித்துவர வாஷிங்டனின் கையைத் தெற்கு பயன்படுத்தியது. விஸ்கான்சின் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. 1859இல் உச்ச நீதிமன்றம் விஸ்கான்சினை அடக்கியது. தெற்கு கரோலினா 1860 டிசம்பரில் பிரிந்தபோது வெளியிட்ட அறிக்கையைப் படித்துப் பாருங்கள். வடக்கு மாநிலங்கள் அந்தச் சட்டத்தை நிறைவேற்றவில்லை என்பதே அதில் பெரிய புகார்.

ஆனால் அதற்குப் பிந்திய நூறாண்டை இப்படிச் சொல்லிக் கடக்க முடியாது. கறுப்பின மக்களின் வாக்கையும் பள்ளியையும் பறித்த மாநிலங்கள் மாநில உரிமை என்ற பெயரில்தான் பறித்தன. அது வெட்கக்கேடு. அரசியலமைப்பின்படியே கூட அவர்களுக்கு அந்த உரிமை இல்லை. சட்டத்தின்முன் சமத்துவத்தை எந்த மாநிலமும் மறுக்கக்கூடாது என்று 1868இன் 14ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. ஐசன்ஹோவர் 1957இல் கறுப்பின மாணவர்களை உள்ளே விட லிட்டில் ராக் பள்ளிக்குப் படை அனுப்பியது அந்தத் திருத்தத்துக்காக. கவர்னர் கேட்காமலே ஜான்சன் 1965இல் அலபாமா கார்டை எடுத்துக்கொண்டது கறுப்பினத்தவர் வாக்குரிமைக்காக நடந்த செல்மா ஊர்வலத்தைக் காக்க. இரண்டும் சரி. 2025 ஜூனில் ட்ரம்ப் கலிஃபோர்னியா கார்டை எடுத்துக்கொண்டபோது அங்கே எந்தக் குடிமகனுடைய எந்த உரிமையை மாநிலம் பறித்திருந்தது? லாஸ் ஏஞ்சலஸில் கலவரம் என்றால் அதை அடக்கும் பொறுப்பு கவர்னருக்கும் போலீசுக்கும் உரியது. கலிஃபோர்னியா கவர்னர் நியூசமை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, ஆனால் இதில் அவர் பேசியது சரி. அதே மாதம், வாகனப் புகைக்குத் தன் சொந்த விதியை வைத்துக்கொள்ளும் கலிஃபோர்னியாவின் அனுமதிகளில் மூன்றைக் காங்கிரசும் ட்ரம்பும் சேர்ந்து ரத்து செய்தார்கள். கன்சர்வேடிவ்கள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

இந்தக் கொள்கையை விட்டுவிடாமல் இருக்க நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதிகபட்சம் 140 நாள் வழக்கமான கூட்டம் நடத்துகிறது. உறுப்பினருக்கு மாதம் 600 டாலர்தான் சம்பளம், ஆகவே பலர் உங்களைப்போல வேறு வேலை பார்க்கிறவர்கள். உங்கள் தொகுதிக்காரர் யார் என்று பார்த்து, நேரில் போய், இல்லினாய்க்கு நம் வீரர்கள் போனதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேளுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.