எலுமிச்சம்பழம் எடுக்க நீண்ட கை

அன்புள்ள சார்,

நீடாமங்கலம் பக்கம் ஒரு அரிசி மில்லில் கணக்கு எழுதுகிறேன். வயது 27. மூன்று வருடமாக வெளிநாட்டுப் பேய்ப் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன். ஹாலிவுட் இல்லை, இங்கே யாருக்கும் பெயர்கூடத் தெரியாத படங்கள். ஜப்பான், தாய்லாந்து, பிரேசில், பழைய ரஷ்யா. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், இதுவரை 212 ஆகிறது. வீட்டில் டவர் கிடைக்காது. மில்லுக்கு எதிரே ஒரு சுமைதாங்கிக் கல் சாய்ந்து கிடக்கிறது, அதில் உட்கார்ந்து டவுன்லோட் செய்துகொண்டு போய் ராத்திரி மொட்டைமாடியில் பார்ப்பேன். அம்மா திட்டுவார்கள்.

'ஹவுசு' என்ற ஜப்பான் படத்தில் பியானோ ஒரு பெண்ணைத் தின்னும் காட்சியை நண்பர்களுக்குக் காட்டினேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே பியானோ வாசிப்பதுபோல் விரலை ஆட்டுகிறார்கள். சீன் போடுகிறேனாம். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது. பாஷை தெரியாமல் சப்டைட்டில் படித்துப் பார்ப்பவனுக்கு வருவது நிஜமான பயமா, யாரும் பார்க்காததைப் பார்த்துவிட்டோம் என்ற பெருமையா? தமிழ்ப் பேய்ப் படம் பார்த்தால் மட்டும் ஏன் ஒன்றுமே ஆவதில்லை? யாருக்கும் தெரியாத படங்கள் இன்னும் இருந்தால் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

பெருமைதான். அதை முதலில் ஒத்துக்கொண்டுவிடுங்கள், மனசு லேசாகிவிடும். உங்கள் வயதில் என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது. படத்தின் பெயருக்குப் பக்கத்தில் டைரக்டர் பெயரை எழுதி, அதை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று தெரியாமல் கும்பகோணம் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். அந்த வயதுக்கு அது தப்பில்லை. ஆனால் உங்கள் கடிதத்தில் "யாருக்கும் தெரியாத" என்று ஒரு வார்த்தை வருகிறதே, அதில்தான் எனக்குத் தகராறு.

யாருக்குத் தெரியாது? 'நாங் நாக்' உங்கள் நோட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன், நோன்ஸி நிமிபுத்ர் எடுத்தது, 1999. தாய்லாந்தில் அந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது. அதே கதையைத் தலைமுறை தலைமுறையாகப் படம் எடுக்கிறார்கள், நாடகம் போடுகிறார்கள். 1999 படம் அங்கே வசூலில் சக்கைப்போடு போட்டது, 2013இல் அதையே காமெடியாக எடுத்த 'பீ மாக்' அதையும் தாண்டியது. பிரேசிலில் ஜோஸே மொஜிகா மாரின்ஸ் என்று ஒருவர், கறுப்புத் தொப்பியும் சுருண்டு நீண்ட நகமுமாகப் பிணப்பெட்டி விற்பவன் வேஷத்தில் தானே நடித்துத் தானே இயக்கியவர், அந்த நாட்டு டிவியில் அடிக்கடி வந்துபோன முகம். இவர்களை நாம் 'அரிய சினிமா' என்கிறோம். பேங்காக்கில் ஒரு பையன் ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்தைக் கண்டுபிடித்து, "யாருக்கும் தெரியாத தமிழ்ப் படம், 1963" என்று நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு நண்பர்களிடம் அலட்டினால் உங்கள் பாட்டி என்ன சொல்வார்?

அதாவது அரிது என்பது நாம் உட்கார்ந்திருக்கும் தூரத்தைப் பொறுத்தது. அங்கே அது வீட்டுத் திண்ணைக் கதை.

இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரிந்ததில்லை, என் அத்தை சொல்லித் தெரிந்தது. இருபது வருஷம் இருக்கும். சென்னையில் ஒரு கடையில் 'நாங் நாக்' டிவிடி வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் ஊர் அரசலாற்றங்கரை. மத்தியானம், மழை, கரண்ட் ஆச்சரியமாக இருந்தது. அத்தைக்கு எழுபதுக்கு மேல், இங்கிலீஷ் சப்டைட்டில் அவளுக்குப் புள்ளியும் கோடும்தான். நான் கதை சொல்ல ஆரம்பித்தேன், கையை அமர்த்திவிட்டாள்.

கதை உங்களுக்குத் தெரியும், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிரா கனோங் என்று கால்வாய்க் கரை ஊர். கணவன் மாக் சண்டைக்குப் போகிறான். வயிற்றுப்பிள்ளையோடு இருக்கும் மனைவி நாக் பிரசவத்தில் குழந்தையோடு செத்துப்போகிறாள். அவன் திரும்பி வருகிறான், அவளும் குழந்தையும் வீட்டில் இருக்கிறார்கள், குடித்தனம் நடக்கிறது. ஊரே சொல்கிறது, அவன் நம்ப மாட்டேன் என்கிறான். தண்ணீர் வந்தால் தாங்குவதற்காகக் கால் ஊன்றிக் கட்டிய மரவீடு, தரைப்பலகைகளுக்கு நடுவே சந்து இருக்கும். ஒருநாள் அவள் கையிலிருந்த எலுமிச்சம்பழம் அந்தச் சந்தில் நழுவிக் கீழே விழுகிறது, எடுப்பதற்குக் கை அப்படியே நீண்டுகொண்டே கீழே போகிறது. கணவன் கண்ணில் அது பட்டுவிடுகிறது.

அந்த இடத்தில் அத்தை பயப்படவில்லை. "பாவம், சமைக்கிற கைடா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஏண்டா, வயித்துப்புள்ளையோட போனவளுக்கு அந்த ஊர்ல ஒரு சுமைதாங்கி நட்டாங்களா இல்லையா? அத செய்யாம இப்ப மந்திரவாதியக் கூட்டியாறானுங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுமைதாங்கி எதற்கு நடுகிறார்கள் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. தலைச்சுமையோடு வருகிறவன் இன்னொருவர் கைபிடிக்காமல் இறக்கிவைத்து, திரும்ப ஏற்றிக்கொள்ளத் தோதாக ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். சுமையை இறக்காமலே போய்விட்டவள் பெயரில் அதை நடுவார்கள். வழிப்போக்கன் ஒவ்வொருவனும் சுமையை இறக்கி அப்பாடா என்று மூச்சுவிடும்போது அவளுக்கும் கொஞ்சம் இறங்கும் என்று நம்பிக்கை. மாட்டுவண்டியும் தலைச்சுமையும் போனபிறகு அது என்ன கல் என்றே நமக்கு மறந்துபோனது.

படம் முடிந்ததும் அத்தையிடம் சொன்னேன், அவளுக்கு அங்கே கோயிலே இருக்கிறது, மகாபுத் விகாரை வளாகத்தில், புடவை மாதிரி அவர்கள் ஊர் உடுப்பு சாத்துகிறார்கள், குழந்தைக்குப் பொம்மை வைக்கிறார்கள், அவள் பொழுதுபோகப் பார்ப்பதற்கு டிவி போட்டு வைத்திருக்கிறார்கள், பட்டாளத்துக்குச் சீட்டு விழக்கூடாது என்று பையன்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள் என்று. புருஷனைச் சண்டைக்கு அனுப்பி வைத்ததால் அவளுக்குப் பட்டாளம் என்றாலே ஆகாதாம். அத்தைக்கு டிவி விஷயம் ரொம்பப் பிடித்துவிட்டது. "அதான் சரி" என்றாள். எது சரி என்று நான் கேட்கவில்லை.

சப்டைட்டில் படித்து வருகிற பயம் நிஜமா என்று கேட்டீர்கள் இல்லையா? அத்தை சப்டைட்டில்கூடப் படிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பார்த்த படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன், இந்த முறை அந்த ஊர்க்காரனாக உட்கார்ந்து பார்க்க முயற்சி செய்தேன். கனேட்டோ ஷிண்டோவின் 'ஒனிபாபா', 1964. கறுப்பு வெள்ளை. மகன் சண்டைக்குப் போய்விட்டான், மாமியாரும் மருமகளும் ஆளுயர நாணல் காட்டில் குடிசை போட்டுக்கொண்டு, வழிதவறி வரும் வீரர்களைக் குத்திக் கொன்று, உடம்பை ஒரு பழங்குழியில் தள்ளிவிட்டு, கவசத்தையும் வாளையும் விற்றுத் தானியம் வாங்கித் தின்கிறார்கள். மருமகள் ராத்திரியில் ஒருவனைத் தேடிப் போக ஆரம்பித்ததும் மாமியார் பேய் முகமூடி மாட்டிக்கொண்டு வழிமறித்துப் பயமுறுத்துகிறாள், மழையில் நனைந்த முகமூடி கழற்ற வராமல் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மூலத்தில் இது பௌத்தக் கதை, அதில் மருமகள் போவது கோயிலுக்கு. ஷிண்டோ அதை உடம்பின் பசியாக மாற்றிவிட்டார். அவர் ஹிரோஷிமாக்காரர், முகமூடியைப் பிய்த்தபிறகு தெரியும் அந்த முகம் அணுகுண்டில் வெந்தவர்களின் முகம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு முகமூடிதான் பயம். இரண்டாம் தடவை நாணல். ஜப்பானில் சிபா பக்கத்தில் இன்பா என்ற சதுப்பில் போய் எடுத்திருக்கிறார்கள், படம் பூராவும் அது அசைந்துகொண்டே இருக்கும், யார் வருகிறார்கள் என்று காட்டாது, யாரோ வருகிறார்கள் என்று மட்டும் காட்டும். சாயங்காலம் அணைக்கரைப் பாலத்தில் நின்று கொள்ளிடத்துப் படுகையைப் பார்த்தவனுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மதுரைக்காரனுக்குக்கூட அது தெரியாது என்று நினைக்கிறேன். (மதுரைக்காரர்கள் மன்னிக்கவும்.)

உங்கள் பியானோவுக்கு வருகிறேன். 'ஹவுசு', 1977, நோபுஹிகோ ஒபயாஷி. விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், எதற்கெல்லாம் பயம் என்று தன் சின்ன மகளிடம் கேட்டு அவள் சொன்னதையெல்லாம் கதைக்குள் போட்டார். குளிரட்டும் என்று கிணற்றில் விட்ட தர்பூசணிக்குப் பதிலாகத் தலை மேலே வருகிறது, பியானோ கடிக்கிறது. உங்கள் நண்பர்கள் சிரித்தது சரிதான், அது சிரிக்க வேண்டிய இடம், நீங்களும் சேர்ந்து சிரித்திருக்கலாம். ஆனால் நீங்கள் காட்டியது துண்டு. அந்த வீட்டில் இருக்கும் பெரியம்மா யார்? இரண்டாம் உலகப் போருக்குப் போன மாப்பிள்ளை திரும்பி வருவான் என்று கல்யாணம் ஆகாமலே காத்திருந்து, செத்தும் காத்திருக்கிறவள். படமெடுத்தவர் ஹிரோஷிமா பக்கம் ஓனோமிச்சியில் பிறந்தவர். அவ்வளவு கோமாளித்தனத்துக்கும் அடியில் அந்த ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள்.

நாக், நாணல்காட்டு மாமியார் மருமகள், இந்தப் பெரியம்மா, எல்லாருமே சண்டைக்குப் போனவனுக்காகக் காத்திருக்கிறவர்கள். நம் பக்கத்தில் சண்டைக்குப் பதில் கப்பல். நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களில் திரும்பி வராதவர்கள் எத்தனை பேர், இங்கே தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமலே கிழவியானவர்கள் எத்தனை பேர். எங்கள் தெருவிலேயே ஒரு வீடு உண்டு, ராத்திரி ஒன்பது மணி பஸ் போகும்வரை வாசல் விளக்கை அணைக்க மாட்டார்கள். அந்த வீட்டை வைத்து ஒருவர்கூடப் பேய்ப் படம் எடுக்கவில்லை.

தமிழ்ப் பேய்ப் படம் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. நம் பேய்களுக்குப் பழிவாங்கும் வேலை ஒன்றைக் கொடுத்துவிட்டோம். வில்லன் மூன்று பேர், மூவரையும் கொன்றதும் ஆவி சாந்தி, நடுவே காமெடி. சரக்கு இல்லாமல் இல்லை. திருவிடைமருதூர் பக்கத்தில்தானே, போய்ப் பாருங்கள். வரகுண பாண்டியன் குதிரையில் போகும்போது தெரியாமல் ஒரு பிராமணனை மிதித்துக் கொன்றுவிட, பிரம்மஹத்தி அவனை விடாமல் துரத்துகிறது. அவன் கிழக்கு வாசல் வழியாக மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் போகிறான், அது உள்ளே வர முடியாமல் வாசலிலேயே நிற்கிறது, அவன் மேற்கு வாசல் வழியாகப் போயே போய்விடுகிறான். சிலை இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கிறது. வந்த வழியே திரும்பக்கூடாது என்று இன்றைக்கும் ஜனங்கள் வேறு வாசலில் போகிறார்கள். அவன் போய்விட்டது தெரியாமல் இத்தனை நூற்றாண்டாக ஒன்று வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு அதன்மேல் பயம் வருவதில்லை, வேறு என்னவோ வருகிறது.

இன்னும் படங்கள் கேட்டீர்கள். 'வீய்' பார்த்துவிட்டீர்களா, 1967, மோஸ்ஃபில்ம்? ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் கதை. செத்துப்போன பெண்ணின் உடம்புக்கு முன்னால் பாழடைந்த மாதாகோயிலில் மூன்று ராத்திரி தனியாக உட்கார்ந்து ஜெபம் படிக்க வேண்டும், படித்தால் பொற்காசு, மறுத்தால் சவுக்கடி. படிக்க வந்தவனுக்கு மந்திரம் தெரியும், நம்பிக்கைதான் கொஞ்சம் குறைவு. தன்னைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்கிறான். அவனை எனக்கு நன்றாகத் தெரியும். பம்பாயிலிருந்து சித்தப்பா வருவதற்காகத் தாத்தாவை ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள், மறுநாள் சனிக்கிழமை, சனிப்பிணம் தனிப்போகாது என்று ஆளாளுக்கு முணுமுணுப்பு. தேவாரம் பாட வந்தவர் இரண்டு மணிக்குக் குறட்டை விட ஆரம்பித்துவிட்டார், தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நான் ஒருவன், பதினாலு வயசு. தாத்தாவின் இமையைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை. 'வீய்'யின் கடைசி ராத்திரியில் இமை ஒரு விஷயமாக வருகிறது, அதைச் சொல்ல மாட்டேன்.

மாரின்ஸ் படம் பார்ப்பதாக இருந்தால் அந்தப் பிணப்பெட்டிக்காரன் வேஷத்தில் 1964இல் வந்த முதல் படத்திலிருந்து பாருங்கள். பெரிய வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர்கள் இறைச்சி தொடாத நாள், ஊர்வலம் வெளியே போகிறது, அவன் ஜன்னலருகே நின்று இறைச்சி தின்றபடி சிரிக்கிறான். சென்னையில் ஒரு நண்பர் அந்தக் காட்சியைக் கொட்டாவியோடு பார்த்தார். வேளாங்கண்ணி பக்கத்து நண்பர் ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். 1967இல் வந்த இரண்டாம் படத்தில், அந்த நாத்திகன் சாகும்போது கடவுளை ஒப்புக்கொள்கிற மாதிரி வசனத்தை மாற்றவைத்தது சென்சார். அதையும் பாருங்கள், ஒட்டுப்போட்ட இடம் நன்றாகவே தெரியும். மற்றபடி அவர் படங்கள் எல்லாமே நல்ல படங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், பாதிக்குமேல் அலுப்பு.

அப்புறம் அந்த 212. எண்ணை நிறுத்திவிட்டு, பிடித்த பத்துப் படத்தை மறுபடி பாருங்கள், ஒன்றிரண்டை அம்மாவோடு, சத்தத்தை வைத்து, பெரிய திரை ஏதாவது கிடைத்தால் அதில். மொட்டைமாடியில் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தால் எல்லாப் படமும் ஒரே படமாகிவிடும். 'நாங் நாக்'கிலிருந்து ஆரம்பிக்கலாம். அம்மா நடுவில் ஏதாவது கேட்டால் படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று. மில்லுக்கு எதிரே நீங்கள் தினமும் உட்காருகிற கல், அது யாருக்காக நட்டது என்று ஊரில் வயசானவர்கள் யாருக்காவது தெரிந்திருக்கும். விசாரித்து எழுதுங்கள். முடிந்தால் நாலு பேராகச் சேர்ந்து நிமிர்த்தி வையுங்கள், டவர் எப்படியும் கிடைக்கும்.