பசையைச் சுரண்டுவதற்கு முன்

கேள்வி: 2011-இல் பதிவான என் வேனின் சன்ரூஃப் (கூரையில் உள்ள கண்ணாடித் திறப்பு) மழையில் ஒழுகியது. மதுரையில் ஒரு பணிமனையில் 14,000 ரூபாய் கொடுத்துச் சரிசெய்தேன். ரசீது தரவில்லை; துண்டுச்சீட்டில் தொகையை எழுதித் தந்தார்கள். ஐப்பசி மழையில் மறுபடியும் சொட்டுகிறது. கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார்கள். வேறு மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா, வழக்குப் போடலாமா?
- வாசகர், தேனி

பதில்: இரண்டும் செய்யலாம். ஆனால், மெக்கானிக் கை வைப்பதற்கு முன் சாட்சியம் சேர்ந்தாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கண்ணாடியைச் சுற்றி வெள்ளைச் சிலிக்கான் பசை அப்பியிருக்கிறது. சன்ரூஃபின் ரப்பரைத் தாண்டிக் கொஞ்சம் நீர் இறங்கவே செய்யும். அதை உள்சட்டத்தின் வாய்க்கால் வாங்கிக்கொள்ள, மூலைகளில் உள்ள மெல்லிய குழாய்கள் வண்டிக்கு அடியில் கொண்டுபோய் விடும். சருகும் தூசியும் குழாயை அடைத்தால் நீர் கூரைத் துணியில் வழியும். பணிமனை அந்த அடைப்பைப் பார்க்காமலே பசை பூசியதா என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். ஆகவே, வேறொரு மெக்கானிக் மூலைக் குழாயில் ஒரு தம்ளர் நீரை ஊற்றிப் பார்ப்பதைக் காணொளியாக எடுங்கள். அவர் கண்டதைக் கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். பிறகு பழுதுபார்க்கலாம்; அந்தச் செலவின் ரசீதும் சாட்சியமே.

வண்டி பழையது என்பது வேலையை ஏற்றபோதே அவர்களுக்குத் தெரியும். செய்த வேலையின் தரத்திலோ முறையிலோ உள்ள குறை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(11)-படி சேவைக் குறைபாடு. ரசீது தராததும் அதே சட்டத்தில் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். துண்டுச்சீட்டைக் கசக்கி எறிந்துவிடாதீர்கள்.

முதலில் 15 நாள் கெடு வைத்து, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அறிவிப்பு அனுப்புங்கள். அசையாவிட்டால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். மதுரைக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். வேன் வாடகைக்கு ஓடினால், வணிக நோக்கத்துக்குச் சேவை பெற்ற நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு மறுக்கும்; அப்படி ஓடுகிறதா என்பதை எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த சன்ரூஃப் நிறுவனத்திலிருந்தே வந்ததா, பின்னால் கூரையை அறுத்து வைத்ததா? பின்னதென்றால், தயாரிப்பாளர் அமைத்ததை மாற்றக் கூடாது என்னும் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 உங்களுக்கு எதிராகவே திரும்பும். அறிவிப்பு அனுப்புவதற்கு முன் எனக்குத் தெரிவியுங்கள்.